பத்தாயிரம் ரூபாய்ப் பள்ளிக்கூடம்

(எம்.சி. ராஜா நினைவுச் சொற்பொழிவு)



எம்.சி. ராஜா அவர்களின் நினைவாகப் பேச வேண்டும் என்று கேட்டபோது, வாழ்க்கை வரலாறு சொல்ல மாட்டேன் என்று முதலிலேயே அனுமதி வாங்கிக்கொண்டேன். அதை என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள். ஒன்றிரண்டு செய்தி போதும். 1883 இல் பரங்கிமலையில் பிறந்தவர். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் ஏழாவது நிலையம். 1920 இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குப் போனார். பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்குப் பதிலாக அரசு ஆதிதிராவிடர் என்று எழுத வேண்டும் என்று 1922 இல் தீர்மானம் கொண்டுவந்தார். 1932 இல் மூஞ்சேயோடு அவர் செய்துகொண்ட ஒப்பந்தத்தை நம்மில் பலர் ஏற்பதில்லை, நானும் ஏற்பதில்லை. ஆனால் இதற்கெல்லாம் முன்னால் அவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். பாடப்புத்தகம் எழுதியவர். அந்த வாத்தியாரை நினைத்துத்தான் இன்றைய பேச்சு.

பேச்சின் பொருள் பணம். இலக்கிய மன்றத்தில் வந்து வரவு செலவுக் கணக்குப் பேசுகிறானே என்று சலித்துக்கொள்ளாதீர்கள். நம் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தைப் பற்றி நாம் கதை எழுதியிருக்கிறோம், கவிதை எழுதியிருக்கிறோம். தனிக் குவளை, கடைசி பெஞ்சு, பட்டப்பெயர் எல்லாம் எழுதியாகிவிட்டது. அந்தப் பள்ளிக்கூடத்தின் கணக்கு நோட்டை மட்டும் நாம் திறந்து பார்த்ததில்லை.

நான் திறந்து பார்த்தது தற்செயலாகத்தான். தாம்பரத்துக்குத் தெற்கே, ஏரிக்கரை ஓரமாக ஒரு காலனி. பக்கத்திலேயே எட்டு மாடி அடுக்குமாடிக் குடியிருப்புகள். காலனியில் ஓர் ஈராசிரியர் தொடக்கப்பள்ளி. 23 பிள்ளைகள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு ஒரு தங்கை என்னை அழைத்திருந்தார். அவர் பையன் மூன்றாம் வகுப்பு. “அண்ணா, நீங்க வந்து உட்கார்ந்தா போதும், நாங்க பேசுறத நிறுத்தமாட்டாங்க” என்றார். போய் உட்கார்ந்தேன். யாரும் யாரையும் நிறுத்தவில்லை. தலைமையாசிரியை நல்ல மனுஷி. கழிப்பறை ஏன் பூட்டிக் கிடக்கிறது என்று கேட்டதற்கு, கோபப்படாமல் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் கொடுத்தார். “சார், நீங்களே பாருங்க.”

சாக்பீஸ், துடைப்பம், பினாயில், குழாய்க்கு வாஷர், ஒரு டியூப் லைட், வருகைப் பதிவேடு, பிரிண்டருக்கு மை. ஒவ்வொரு வரிக்கும் எதிரே தொகை. சில வரிகளுக்கு எதிரே பென்சிலில் “சொந்தம்” என்று எழுதியிருந்தது. அந்த ஆண்டு பள்ளி மானியம் வந்து சேராத மாதங்களில் அந்த அம்மா தன் கைக்காசைப் போட்டு வாங்கியவை அவை. திரும்பி வருமா என்று கேட்டேன். சிரித்தார்.

பள்ளி மானியம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தலையை எண்ணித்தான். 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய். அதற்கு மேல் 100 வரை என்றால் 25,000. 250 வரை 50,000. ஆயிரம் வரை 75,000. ஆயிரத்தைத் தாண்டினால் ஒரு லட்சம். இதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்கு. அந்தக் காலனிப் பள்ளிக்கு அப்படியானால் 10,000. இருநூற்றுச் சொச்சம் வேலை நாளுக்கு வகுத்துப் பாருங்கள். ஒரு பள்ளிக்கூடத்தை ஒரு நாள் நடத்த ஐம்பது ரூபாய்கூட வராது. தூய்மைக்கு என்று ஒதுக்கச் சொன்ன பங்கை வகுத்தால் ஐந்து ரூபாய். கூரை ஒழுகுவது பெரிய பள்ளிக்கும் சின்னப் பள்ளிக்கும் ஒன்றுதான். கழிப்பறை நாற்றமும் அப்படியே. மானியம் மட்டும் தலைக்கணக்கு.

அந்தப் பத்தாயிரமே தாமதமானது ஏன் என்று தேடிப்போனால், அது நேராக டெல்லியில் போய் முடிகிறது.

2018 இல் ஒன்றிய அரசு, அதற்கு முன்பிருந்த அனைவருக்கும் கல்வி இயக்கம், இடைநிலைக் கல்வித் திட்டம், ஆசிரியர் கல்வித் திட்டம் ஆகியவற்றை ஒன்றாக்கி, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் என்று ஆக்கியது. சமக்ர சிக்ஷா என்பார்கள். நூற்றுக்கு அறுபது ஒன்றியம், நாற்பது மாநிலம். பிறகு 2022 இல் பி.எம். ஸ்ரீ பள்ளிகள் என்று வேறொரு திட்டம் வந்தது. நாடு முழுக்க 14,500 பள்ளிகள். அதில் சேரக் கையெழுத்துப் போடும் மாநிலம் புதிய கல்விக் கொள்கையை ஏற்க வேண்டும். தமிழ்நாடு போடவில்லை. அதனால் 2024-25 ஆம் ஆண்டுக்கான சமக்ர சிக்ஷா பணத்தை, அதாவது வேறொரு திட்டத்தின் பணத்தை, ஒன்றிய அரசு நிறுத்திவிட்டது. நிறுத்திய தொகை 2,152 கோடி. இதே நெருக்கடியில் பஞ்சாப் 2024 இல் கையெழுத்துப் போட்டது. கேரளம் 2025 அக்டோபரில் போட்டுவிட்டு, கூட்டணிக்குள் எதிர்ப்பு வந்ததும் நிறுத்தி வைத்தது. தமிழ்நாடு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நிறுத்திய பணத்தோடு வட்டியும் சேர்த்துக் கேட்டிருக்கிறது.

இதைக் கூட்டாட்சிப் பிரச்சினையாக எல்லோரும் பேசினார்கள். மும்மொழிப் பிரச்சினையாகவும் பேசினார்கள். இரண்டும் சரிதான். நான் அந்த நியாயத்தைக் குறைக்கவில்லை. ஆனால் காலனிப் பள்ளிக்கூடத்தின் வாசலில் நின்று அந்தக் கொள்கையைப் படித்தால் முதலில் கண்ணில் படுவது மொழிப் பகுதி அல்ல. ஏழாம் அத்தியாயம். சின்னப் பள்ளிகளை நடத்துவது பொருளாதார ரீதியில் கட்டுப்படியாகாது, நிர்வாகத்துக்குச் சிக்கல் என்று அது சொல்கிறது. பள்ளிகளைத் தொகுப்பாகச் சேர்க்க வேண்டும் என்கிறது. சின்னப் பள்ளி என்பது யாருடைய பள்ளி? அதை நாம் பேசவில்லை. கொள்கையை எதிர்க்கிற மாநிலத்திலும் இதே நினைப்பு இல்லாமல் இல்லை. 2019 இல் இங்கே பிள்ளைகள் இல்லை என்று 46 பள்ளிகளை நூலகமாக மாற்றினார்களே, அப்போது எந்தக் கொள்கை ஆவணத்திலும் யாரும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை.

சரி, 2,152 கோடி என்பது பெரிய தொகையா? 2025-26 இல் தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறைக்கு ஒதுக்கியது 46,767 கோடி. அதோடு ஒப்பிட்டால் நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. மாநில அரசே அந்தப் பணத்தைத் தன் நிதியிலிருந்து போட்டுச் சமாளித்துவிட்டோம் என்று நிதிநிலை அறிக்கையில் சொன்னது. சமூகவியல் படித்தவன் என்பதால் இங்கே கொஞ்சம் நிதானிக்கிறேன். அந்த 46,767 கோடியில் மிகப் பெரும்பகுதி சம்பளமும் ஓய்வூதியமும். அதைத் தொட முடியாது, தொடவும் கூடாது. மிச்சம் இருப்பதுதான் அசைக்கக்கூடிய பணம். சமக்ர சிக்ஷா பணத்தின் பெரும்பகுதி இந்த அசைக்கக்கூடிய பக்கத்தில்தான் இருக்கிறது. பள்ளி மானியம், மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர், வட்டார வள மையம், தூரத்துப் பிள்ளைகளுக்கான போக்குவரத்துப் படி, உண்டு உறைவிடப் பள்ளி, பகுதி நேர ஆசிரியர்கள். நிரந்தர ஆசிரியரின் சம்பளம் ஒரு நாள் தாமதமானால் சட்டமன்றம் அதிரும். இவர்களுக்குத் தாமதமானால் ஒரு பெட்டிச் செய்தி வரும். 2024 செப்டம்பர் மாதச் சம்பளம் இத்திட்டத்தின் ஊழியர்களுக்கு அப்படித்தான் தள்ளிப்போனது.

பகுதி நேர ஆசிரியர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2012 இல் 16,549 பேரை நியமித்தார்கள். ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி. மாதம் 5,000 ரூபாய். 2025 இல் 12,500. பதிமூன்று ஆண்டு கழித்தும் பகுதி நேரம்தான். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு ஒரு கலர் பென்சிலைக் கையில் கொடுத்த முதல் ஆள் இவர்களில் ஒருவர் என்று யோசியுங்கள்.

தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கான 25 விழுக்காடு இடமும் இதில் மாட்டிக்கொண்டது. அந்த இடங்களை நான் கொண்டாடுகிறவன் அல்ல. அரசுப் பணத்தைத் தனியாருக்குக் கொடுத்து அரசுப் பள்ளியைக் காலி செய்கிற வேலை என்பதே என் கருத்து. ஆனாலும் கல்வி உரிமைச் சட்டம் கொடுத்த உரிமை அது. மே மாதம் நடக்க வேண்டிய சேர்க்கை, வழக்கெல்லாம் நடந்து, ஒன்றிய அரசு அந்தப் பங்கை விடுவித்த பிறகு, 2025 அக்டோபரில்தான் தொடங்கியது. அதற்குள் பணம் புரட்ட முடிந்தவர்கள் கடன் வாங்கிச் சேர்த்துவிட்டார்கள். முடியாதவர்கள் காத்திருந்தார்கள்.

இப்போது அந்தப் பூட்டிய கழிப்பறைக்குத் திரும்பி வருகிறேன்.

நான் படித்தது வேறு பள்ளி, மாவட்டமும் வேறு. ஊரும் சேரியும் சேர்ந்து படித்த பள்ளி. ஐந்தாம் வகுப்பு என்று நினைவு. பெருக்குகிற ஆயா வேலையை விட்டு நின்றுவிட்டார். கூலி கொடுக்கப் பணம் வரவில்லை என்று பெரியவர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. மறுநாள் காலைப் பிரார்த்தனை முடிந்ததும் ஆசிரியர் யார் பெயரையும் சொல்லவில்லை, சாதியையும் சொல்லவில்லை. “அந்தப் பக்கத்துப் பசங்க ரெண்டு பேரு இருங்கடா” என்றார். நாங்கள் நான்கு பேர் நின்றோம். ரெண்டு பேர் என்றுதான் சொன்னார், நான்கு பேரும் நின்றோம். அதை நினைத்து இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. யாரும் எங்களுக்குக் கற்றுத்தரவில்லை, ஆனால் எங்களைத்தான் சொல்கிறார் என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது. என் கையில் தென்னந்துடைப்பம். நண்பன் கையில் வாளி. அடுத்த ஆயா வர எட்டு மாதம் ஆனது.

இது பழைய கதை என்று யாராவது சொல்வார்கள். 2022 இல் ஈரோடு மாவட்டத்தில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததாக ஒரு தலைமையாசிரியை கைது செய்யப்பட்டாரே, அது நேற்றுத்தான். அப்படிப்பட்டவர்களைத் தண்டிக்க வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பள்ளிகளில் கழிப்பறை கழுவ ஒருவருக்கு முழுச் சம்பளம் கொடுத்து ஒரு பணியிடம் இருக்கிறதா என்று நாம் கேட்டோமா? பணம் எடுத்துவிட்ட இடம் காலியாகக் கிடப்பதில்லை, தோழர்களே. அங்கே சாதி வந்து உட்கார்ந்து வேலையை முடித்துவிடுகிறது. சத்துணவுக்கூடத்துக்குத் தண்ணீர் எடுக்க ஆள் இல்லை என்றால் யார் எடுப்பது, ஆசிரியர் இல்லாத வகுப்பில் யார் சும்மா உட்காருவது, எந்தப் பிள்ளையை மாடு மேய்க்க அனுப்பினால் யாரும் வந்து கேட்க மாட்டார்கள் என்பதெல்லாம் ஏற்கெனவே முடிவாகி இருக்கிறது. நிதி நெருக்கடி என்று கோட்டையில் ஒரு சொல்லைச் சொன்னால், கீழே வரும்போது அதற்கு இந்த அர்த்தம்தான்.

நம் கல்வியின் பணம் எப்போதும் பிறர் கையில் சிக்கியே வந்திருக்கிறது. இதே செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த டிரெமன்ஹீர் 1891 இல் பறையர் நிலைமை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892 இல் நிலத்துக்கான அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்றும் தேடிக்கொண்டிருப்பது அதைத்தான். அதே 1892 இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் அயோத்திதாசப் பண்டிதர் நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வி கேட்டார். 1893 இல் பஞ்சமர் கல்விக்கென்று ஓர் அரசாணை. அதுவும் பள்ளி நடத்துகிறவர்களுக்கு மானியம் கூட்டித் தருவதுதான். 1894 இல் ஆல்காட் அடையாறு ஊரூரில் ஒரு பள்ளி திறந்தார். பொதுப் பள்ளியில் நம்மை விடாததால், 1920களில் தொழிலாளர் துறை தனிப் பள்ளிகளைத் திறந்தது. அவை பிறகு ஹரிஜன நலப் பள்ளிகளாகி, இன்று ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளாக இருக்கின்றன. மாநிலம் முழுக்க ஆயிரத்து நூறுக்கும் மேல்.

இந்தப் பள்ளிகளை என்ன செய்வது என்பதில் நமக்குள்ளேயே சண்டை உண்டு. 2023 நிதிநிலை அறிக்கையில், பல துறைகள் நடத்தும் பள்ளிகளையெல்லாம் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவருவோம் என்று அறிவித்தார்கள். நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பின் அமைத்த நீதியரசர் சந்துரு குழுவும் 2024 இல் அதையே சொன்னது. பள்ளிப் பெயரில் சாதி கூடாது என்றும் சொன்னது. கொள்கையாக எனக்கு இதில் மறுப்பில்லை. தனிப் பள்ளி என்பது நாம் கேட்டு வாங்கிய பெருமை அல்ல. பொதுவாசலில் நுழைய விடாததால் பின்பக்கமாகக் கட்டிக் கொடுத்த திண்ணை அது. ஆனால் இணைத்த மறுநாள் அந்தப் பள்ளியின் நிலம் யார் பெயரில் இருக்கும், அந்தப் பணியிடங்கள் எங்கே போகும், அதற்கென்று ஒதுக்கிய பணம் அங்கேயே செலவாகும் என்பதற்கு எழுத்தில் என்ன உறுதி? இந்த மூன்றுக்கும் பதில் வராமல் இணைப்பை வரவேற்க நான் தயாராக இல்லை. ‘பிள்ளைகள் குறைவு, பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடலாம்’ என்று ஒரு வரி எழுத ஓர் அதிகாரிக்கு அரை நிமிடம் போதும். பக்கத்துப் பள்ளி ஊருக்குள் இருக்கும். ஊருக்குள் போகிற தெருவை அந்த அதிகாரி பார்த்திருக்க மாட்டார்.

நமக்கென்று சட்டப்படி உள்ள பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒன்றிய அரசைத் திட்டுவதோடு நிறுத்திக்கொண்டால் இந்த மேடைக்கு மரியாதை இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நாம் நூற்றுக்கு இருபது. 1979-80 முதல் சிறப்பு உட்கூறுத் திட்டம் என்று ஒன்று உண்டு. வளர்ச்சிப் பணத்தில் மக்கள்தொகைக்கு ஏற்ற பங்கை நமக்கென்று எடுத்து வைக்க வேண்டும். வேறு எதற்கும் திருப்பக் கூடாது. 2023 இல் அந்தத் துணைத் திட்டத்திலிருந்து 1,540 கோடியை மகளிர் உரிமைத் தொகைக்கு எடுக்கப்போவதாகச் செய்தி வந்து, தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. உரிமைத் தொகை நம் அம்மாக்களுக்கும் வருகிறது, இல்லையென்று சொல்லவில்லை. எல்லாப் பெண்களுக்கும் பொதுப் பணத்திலிருந்து கொடுப்பதை நம் பெண்களுக்கு மட்டும் நம் பிள்ளைகளின் விடுதிப் பணத்திலிருந்து கொடுப்பது என்ன நியாயம்? இந்தக் கேள்வியைக் கேட்டவர்களை, எதிரிக்கு உதவுகிறீர்கள் என்றார்கள். 2024 இல் துணைத் திட்டத்துக்கென்று தனிச் சட்டமே வந்தது. நல்லது. கர்நாடகமும் ஆந்திரமும் 2013 இலேயே செய்ததை நாம் பதினோரு ஆண்டு கழித்துச் செய்திருக்கிறோம். சட்டம் வந்துவிட்டதே என்று தூங்கிவிட வேண்டாம்.

விடுதிகளைப் பாருங்கள். பள்ளி மாணவருக்கான உணவுப்படி மாதம் 1,000 ரூபாயாக இருந்தது, போராடிப் போராடி 1,400 ஆனது. நாளைக்கு 47 ரூபாய்கூட இல்லை. மூன்று வேளை. இந்தச் சானடோரியத்தில் ரயிலை விட்டு இறங்கி, ஒரு சாப்பாடு என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள். 2025 ஜூலையில் இந்த விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றினார்கள். பெயர் வைப்பதில் நமக்குக் குறை இருந்ததே இல்லை. இதே சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவன மருத்துவமனைக்கு அயோத்திதாசர் பெயர். கிண்டியில் அவருக்கு மணிமண்டபம்; இரட்டைமலை சீனிவாசனுக்கும் மணிமண்டபம். பலகைகள் எனக்குப் பிடிக்கும், அப்பாவின் பெயரை ஒரு பலகையில் பார்ப்பதுபோல நெஞ்சு நிறையும். 47 ரூபாய் அப்படியே இருக்கிறது.

இனி நம் தெருவுக்கு வருகிறேன். 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி ஆனது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்ற ஐந்து நகராட்சிகள், ஐந்து பேரூராட்சிகள், 70 வார்டுகள். 2022 தேர்தலில் சென்னை மேயர் பதவியும் தாம்பரம் மேயர் பதவியும் பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. அதே ஆண்டு சொத்து வரி ஏறியது. அந்த வரிக்குள் கல்வி வரி என்றொரு பங்கு உண்டு. எத்தனை பேர் ரசீதை அவ்வளவு உற்றுப் பார்க்கிறோம்? நாம் வாடகை வீட்டுக்காரர்கள், வரி ஓனர் கட்டுவது என்று நினைக்கிறோம். வாடகைக்குள் நம் பங்கு இருக்கிறது. மேயர் நாற்காலியில் நம் பெண் உட்கார்ந்திருக்கும் ஊரில், அந்தக் கல்வி வரி எந்தப் பள்ளியின் கூரைக்குப் போனது என்று கேட்பது அவருக்கு எதிரான கேள்வி அல்ல, அவருக்குப் பலம் சேர்க்கிற கேள்வி.

சென்னையின் அனுபவம் ஒரு பாடம். 2011 இல் ஆலந்தூர், பெருங்குடி, சோழிங்கநல்லூர் பகுதிகளையெல்லாம் மாநகராட்சியில் சேர்த்தார்கள். புதிய பகுதிகளின் 139 பள்ளிகள் மாநகராட்சிக் கைக்கு வர 2022 ஆனது. பதினோரு ஆண்டு, ஊர் நகரம், பள்ளி மட்டும் ஊராட்சி.

வரியை வைத்துப் பள்ளி நடத்துவதில் உள்ள ஆபத்துக்கு அமெரிக்காவிலிருந்து ஓர் உதாரணம். அங்கே பள்ளிகள் சிறு சிறு மாவட்டங்களாகப் பிரிந்து, பெருமளவு அந்தந்த வட்டாரத்தின் சொத்து வரியில் ஓடுகின்றன. டெக்சாஸில் சான் அன்டோனியோ நகரத்தில் எட்ஜ்வுட் என்ற வட்டாரம். பெரும்பாலும் மெக்சிக வம்சாவளி ஏழைகள். ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 356 டாலர் செலவு. அதே நகரத்தின் வெள்ளைக்கார வசதியான வட்டாரத்தில் 594. பெற்றோர்கள் வழக்குப் போட்டார்கள். 1973 இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. கல்வி அடிப்படை உரிமை அல்ல என்றது. மாறுபட்டு எழுதியவர்களில் ஒருவர் கறுப்பின நீதிபதி தர்குட் மார்ஷல். நமக்கு 2002 இல் அரசியல் சட்டத் திருத்தத்தின் வழியாகக் கல்வி அடிப்படை உரிமை ஆனது. 2010 ஏப்ரலில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. எட்ஜ்வுட் பெற்றோருக்கு இல்லாத ஓர் ஆயுதம் நம் கையில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு பள்ளி மானியத்துக்காக நாம் இதுவரை எத்தனை வழக்குப் போட்டோம்?

சின்னப் பள்ளி எப்படிச் சின்னதாகிறது என்பதற்கு 2025 மே மாதம் கண்ணெதிரே நடந்தது போதும். அனகாபுத்தூரில் அடையாற்றங்கரையில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட வீடுகளை இடித்தார்கள். ஜூன் 2 ஆம் தேதி பள்ளி திறப்பு. அதற்குச் சில நாட்களுக்கு முன்னால் குடும்பங்களைப் பெரும்பாக்கம், கீரப்பாக்கம், தைலாவரம் என்று பிரித்து ஏற்றினார்கள். சாமான் ஏற்றிய வண்டியில் புத்தகப் பைகளையும் பார்த்தேன். சில பிள்ளைகள் பழைய பள்ளிக்கே இரண்டு பேருந்து மாறி வந்தார்கள், சில மாதம். பிறகு நின்றார்கள். புதிய பள்ளியில் சேர்ந்தார்களா, எங்கும் சேரவில்லையா என்று வீடு வீடாகத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. கண்ணகி நகரில் 15,656 வீடுகள், செம்மஞ்சேரியில் 6,764, பெரும்பாக்கத்தில் இருபதாயிரத்துக்கும் மேல். நகரத்தின் நடுவிலிருந்து நம்மை அள்ளிக் கொண்டுவந்து கொட்டிய ஒவ்வொரு முறையும், புறப்பட்ட இடத்தில் ஒரு பள்ளி இளைத்தது, போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு பள்ளி பிதுங்கியது. இளைத்த பள்ளிக்கு மானியம் குறைந்தது, ஆசிரியர் உபரி என்று மாற்றப்பட்டார், கடைசியில் பிள்ளைகள் இல்லை என்று ஒரு குறிப்பு. அந்தக் குறிப்பில் புல்டோசர் பற்றி ஒரு சொல்கூட இருக்காது. வசதி வந்த நம்மவர்களும் பிள்ளையை மெட்ரிக் பள்ளி வேனில் ஏற்றிவிட்டோம். என் மகளும் அந்த வேனில்தான் போனாள், நான்கு வருடம். மறைக்க விரும்பவில்லை.

மாணவர்களுக்கு மட்டும் ஒரு வேலை சொல்கிறேன். மாநில நிதிநிலை அறிக்கையில் மானியக் கோரிக்கை எண் 4 ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத்துறை. எண் 43 பள்ளிக் கல்வி. இரண்டும் இணையத்தில் தமிழிலேயே கிடைக்கின்றன. கொள்கை விளக்கக் குறிப்பை எடுத்து, ஒதுக்கியது எவ்வளவு, திருத்திய மதிப்பீட்டில் எவ்வளவு, உண்மையில் செலவானது எவ்வளவு என்று மூன்று ஆண்டுக்குப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். பிறகு உங்கள் தெருப் பள்ளிக்கு எப்போது, எவ்வளவு மானியம் வந்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக்களை 2024 இல் மறுகட்டமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். பல பள்ளிகளில் காலியாக இருக்கிறது. முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடி அலைகிறவர்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும், இந்த அரங்கில்தான் இருக்கிறார்கள்.

ஏரிக்கரைப் பள்ளியின் கழிப்பறைப் பூட்டு போன மாதம் திறந்தது. மானியம் வந்து அல்ல. அந்தத் தங்கையும் இன்னும் மூன்று அம்மாக்களும் முறை வைத்துக் கழுவுகிறார்கள். தலைமையாசிரியை கைகூப்பி நன்றி சொன்னாராம். எனக்கு அதைக் கேட்டு மகிழ்ச்சி வரவில்லை. அந்த நான்கு பேரில் இரண்டு பேர் பக்கத்து அடுக்குமாடியில் இதே வேலையைச் சம்பளத்துக்குச் செய்துவிட்டு வருகிறவர்கள். “எங்க புள்ளைங்க ஸ்கூலு தானே அண்ணா” என்றார். ஆமாம் தங்கச்சி, ஆனால் அதற்கு ஒரு பணியிடமும் சம்பளமும் இருக்கிறது, அதை யார் எடுத்தார்கள் என்று கேட்கலாம் என்றேன். யோசித்தார். அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டத்தில், நான்கு பேர் ஒரு மாதம் கழுவிய கூலி எவ்வளவு என்று தீர்மானத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்புவது என்று பேசியிருக்கிறோம். கூலியை நாளுக்கு எவ்வளவு என்று போடுவது என்பதில் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. அடுக்குமாடியில் கொடுப்பதைப் போடலாம் என்கிறார் ஒருவர். மாநகராட்சி நிரந்தரப் பணியாளரின் சம்பளத்தைப் போட வேண்டும் என்கிறார் அந்தத் தங்கை.